அவள் விரலில் எடுத்த அளவு

கூடாரத்தைப் பிய்த்து எறிந்துவிடுவதுபோல் காற்று அடித்தது. மாலைதோறும் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து வழிகாட்டி உடம்பைச் சோதிப்பார். இன்று அது முடியவில்லை. கூடாரம் கூடாரமாக வந்து, ஜிப்பைக் கொஞ்சமே திறந்து, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை உள்ளே நீட்டினார்.

"அக்கா, ரெண்டு பேரும் மாட்டிப் பாத்துட்டு நம்பரைச் சொல்லுங்க. எழுபதுக்குக் கீழ இருந்தா நாளைக்கு மலை ஏற வேணாம், இறங்கிடணும்."

அவளுக்கு எண்பத்திரண்டு காட்டியது. கணவனின் விரலில் மாட்டினாள். அறுபத்து மூன்று.

"சொல்லாதே," என்றான் அவன் மெதுவாக. "போன வருஷமும் இதே கேம்ப்லதான் திருப்பி அனுப்பினாங்க. ஆபீஸ்ல இன்னும் என்னை 'அரைமலை'ன்னுதான் கூப்பிடுறானுங்க. உன் விரலையே இன்னொரு தடவை வைடி."

"விளையாடாதீங்க. நீங்க மூச்சு விடறப்ப கரகரன்னு சத்தம் கேக்குது."

"அது குறட்டைக்கு ரிகர்சல்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் சிரிக்கவைத்தே காரியம் சாதித்துக்கொள்பவன். இந்த மலைக்காக மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அடுக்குமாடிப் படிகளில் அவன் தினமும் ஏறி இறங்கியதை வாசலில் நின்று பார்த்தவள் அவள். அந்த முகம் வாடுவதைப் பார்க்க மனம் வரவில்லை. கருவியைத் தன் இடது கைவிரலில் மாட்டினாள்.

"அவருக்கு எண்பது," என்றாள்.

"அடேயப்பா! அண்ணன் என்னைவிட நல்லா இருக்காரே!" என்று சிரித்துக்கொண்டே வழிகாட்டி அடுத்த கூடாரத்துக்குப் போனார்.

மறுநாள் பனிச்சரிவில் கயிறு பிடித்து ஏறும்போது அவன் அடிக்கடி நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான். இருமியபோது இளஞ்சிவப்பு நுரை பனியில் தெறித்தது.

வழிகாட்டி ஓடிவந்து அவன் மார்பில் காது வைத்துக் கேட்டார். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. நேத்து எண்பது காட்டினவருக்கு இப்படி ஆகாதே! அக்கா?"

"அது என் விரல், தம்பி."

வழிகாட்டி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. ஊசியைப் போட்டுக்கொண்டே, "தெரிஞ்சிருந்தா நேத்தே இறக்கியிருப்பேன். அவரே நடந்து வந்திருப்பாரு," என்று மட்டும் சொன்னார்.

அவன் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டி, பாயில் சுற்றிக் கட்டி, கயிற்றில் விட்டு இறக்கினார்கள். மேகம் மூடியிருந்ததால் ஹெலிகாப்டர் வர வழியில்லை. அவள் பக்கத்திலேயே சறுக்கிச் சறுக்கி இறங்கினாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "உச்சி வந்துடுச்சா?"

"இதோ, வந்துட்டோம்ங்க."

"நீ முன்னால போ. நான் போட்டோ எடுக்கறேன்."

அதன்பிறகு அவன் பேசவில்லை. ஒரு பாறை மறைவில் கயிறு நின்றது. வழிகாட்டி வெகுநேரம் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகமூடியைக் கழற்றி சிலிண்டரை மூடினார்.

"ஏன் மூடறீங்க? திறங்க தம்பி! அவருக்கு மூச்சு வேணும்!"

"அக்கா, இனிமே இது உங்களுக்கு. நீங்களாவது கீழ போய்ச் சேரணும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வழிகாட்டி அவள் பின்னந்தலையைக் கையால் பிடித்து நிறுத்தி, முகமூடியை மாட்டிவிட்டார். அதன் உள்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.