குதிரைக்கு அரபி தெரியாது

ஜுவைரியா அரபிப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான். இரண்டாம் ஆண்டில் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் எதை எடுத்தாலும் முதலிலிருந்து எழுத்துக் கூட்ட வேண்டும். அரபி எழுத்து அவளுக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்தே பழக்கம். செங்கல்பட்டில் பக்கத்துத் தெரு மதரசாவில் ஓதி முடித்தபோது அவளுடைய அத்தா தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். அப்படிப்பட்டவள் இந்த ஒரு பாடத்திலாவது உட்கார்ந்த இடத்திலேயே மார்க் வாங்கலாம் என்று கணக்குப் போட்டாள். அவள் படித்ததும் கணக்குதான், பி.எஸ்சி. கணிதம்.

முதல் வகுப்பிலேயே கணக்கு தப்பியது.

அரபி கற்பித்தவர் மார்கரெட் மிஸ். அவருடைய அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்ததால் அங்கேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போனவர். புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்து, "யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். ஜுவைரியா எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். கண்ணை லேசாக மூடி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, மூக்கில் கொண்டுபோக வேண்டிய இடத்தில் மூக்கில் கொண்டுபோய், ராகத்தோடு முழுப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள். வகுப்பு அசந்துபோயிற்று. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கண்ணை மூடியபடி, "ஆமென்" என்றான்.

மார்கரெட் மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆமென் எதுக்குப்பா? காலித் சந்தைக்குப் போனான், தக்காளி வாங்கினான், தக்காளி அழுகியிருந்துச்சு. அவ்வளவுதான் இந்தப் பக்கத்துல."

ஆமென் சொன்னவன் பெயர் ஜெபசிங். அச்சரப்பாக்கத்தில் ஒரு சின்னச் சபையின் பாஸ்டருடைய மகன். ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு துபாயிலோ தோஹாவிலோ பெரிய ஓட்டலில் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அன்று வகுப்பு முடிந்ததும் நேராக அவளிடம் வந்தான்.

"இன்னா ஜுவைரியா, இத்தினி வருசமா படிக்கிற, அழுகுன தக்காளிய கூட கண்டுபிடிக்க முடியல?"

அவளுக்கு முகம் சிவந்தது. கோபம் அவன்மேல் இல்லை. அவன் கேட்டது உண்மை. நாவு நுனியில் இவ்வளவு சொற்களை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து சோம்பேறித்தனம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ்ஸில் சொல் பொறுக்கினாள். கேன்டீனில் ஜெபசிங்கோடு உட்கார்ந்து டீக்கும் சமோசாவுக்கும் அரபியில் பெயர் வைத்தாள். பெயர் தெரியாதவற்றுக்கு அவனே கண்டுபிடித்துத் தந்தான். தேர்வில் அவன்தான் அதிகம் வாங்கினான் என்பது அவளை இன்னும் முடுக்கியது.

பிறகு ஒரு நாள் ஒப்பீட்டுச் சொற்கள் நடத்தினார்கள். மார்கரெட் மிஸ் பலகையில் எழுதினார். "கபீர் என்றால் பெரிய. அக்பர் என்றால் அதைவிடப் பெரிய."

ஜுவைரியா பேனாவைக் கீழே வைத்தாள். "எதைவிட மிஸ்?"

"அதை வாக்கியத்துல சொல்லணும்மா. சொல்லாம விட்டுட்டா, எதை வேணா நீயே போட்டுக்க வேண்டியதுதான்."

பள்ளிவாசல் பாங்கில் 'அல்லாஹு அக்பர்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த சொல். நாளெல்லாம் தொழுகையில் சொல்லுகிற சொல். அதற்குள் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதில் தன் கையால் எதையாவது வைக்கலாம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்க அவள் அதைத்தான் செய்தாள். பஸ் கூட்டத்தை வைத்தாள், அதைவிடப் பெரியவன். வகைநுண்கணிதத்தை வைத்தாள், அதைவிடப் பெரியவன்.

கல்லூரியில் அவள் தொழுதது மாணவிகள் ஓய்வறைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய ஒரு சின்ன அறையில். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் அவளுடைய தோழி ஜெனிட்டா வாசலில் காவல் நிற்பாள். காவல் என்றால் கையில் ஒரு முறுக்குப் பொட்டலம். அன்று பிற்பகல் அசர் தொழுகைக்காகக் கையைத் தூக்கியபோது, மனம் தானாக வரிசை போட ஆரம்பித்தது. இன்டெர்னல் மார்க்கைவிட. ஜெபசிங்கின் வாயைவிட. அந்த நேரம் பார்த்து வாசலில் 'கடக்' என்று முறுக்கு உடைந்தது. இதோ, இந்த முறுக்குச் சத்தத்தைவிட. அவ்வளவுதான், ஜுவைரியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தொழுகையில் சத்தமாகச் சிரித்தால் தொழுகையும் முறியும், ஒளுவும் முறியும் என்று மதரசாவில் படித்திருக்கிறாள். மறுபடி கை கால் கழுவ வெளியே வந்தாள்.

ஜெனிட்டா சந்தேகமாகப் பார்த்தாள். "உள்ள தனியா தானே கீற? யாரு கூடடி சிரிக்கிற?"

"தனியா இல்லடி" என்றாள் ஜுவைரியா.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று உறைத்தது. குழாயடியில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு வருடம் அவள் தொழுகையைக் கடமையாக, பிசிறில்லாமல் செய்து வந்திருக்கிறாள். மிஸ்டு கால் மட்டும் கொடுத்து வைத்துவிடுகிறவள் போல. இப்போதுதான் அந்தப் பக்கம் எடுத்துப் பேசுவது காதில் விழுகிறது. தொழுகையில் இவ்வளவு சந்தோஷம் ஆகுமா, ஆகாதா? கேட்க வெட்கமாக இருந்தது. ஆகும் என்றே வைத்துக்கொண்டாள்.

செமஸ்டர் முடியும் தறுவாயில் எல்லா மொழி வகுப்புகளுக்கும் ஒரே வேலை கொடுத்தார்கள். அந்த மொழி பேசும் ஒருவரோடு கொஞ்ச நேரம் உரையாடி, போனில் பதிவு செய்து வர வேண்டும். சென்னைக்கு வைத்தியத்துக்கு வரும் அரபு நாட்டுக்காரர்கள் விடுமுறை நாளில் மாமல்லபுரம் வருவார்கள் என்று ஜெபசிங் துப்பு கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மூவரும் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினார்கள். ஜெனிட்டா எடுத்திருந்தது பிரெஞ்சு.

கடற்கரைக்குப் போகும் தெருவில் நீள வெள்ளை அங்கி போட்ட ஒருவர் முதுகு காட்டி நின்றார். ஜுவைரியா ஓடிப்போய் சலாம் சொன்னாள். திரும்பினால் நீலக் கண்ணும் உருத்திராட்ச மாலையுமாக ஒரு வெள்ளைக்காரர். "போன்ஜூர்" என்றார். ஜெனிட்டா கத்திக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். இளநீர்க் கடை ஓரமாக அவரை உட்காரவைத்து அங்கேயே தன் வேலையை முடித்துவிட்டாள். அடுத்து கறுப்புப் புர்காவில் ஓர் அம்மா. ஜுவைரியா ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா, "நாங்க வாணியம்பாடிம்மா. பாத்ரூம் எங்க இருக்கு, அத சொல்லு மொதல்ல" என்றார்.

ஜெபசிங்தான் கடைசியில் கண்டுபிடித்தான். "அதோ பாரு, பூ வேல செஞ்ச வட்டத் தொப்பி! ஓமன்காரரு! மிஸ் படம் காட்டுனாங்களே!"

மணலில் விரித்த துண்டின்மேல் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜுவைரியா ஒத்திகை பார்த்ததெல்லாம் அலை அடித்துக்கொண்டு போயிற்று. வாயில் மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தைப் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆரம்பிக்கும் கம்பீரமான விளிதான். அந்த இருவரைப் பார்த்து, "யா அய்யுஹன்னாஸ்!" என்றாள். ஓ மக்களே!

அந்த அம்மா ஒரு நொடி அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மக்கள் வந்துவிட்டோம், சொல் மகளே" என்றார் அரபியில். அது ஜுவைரியாவுக்கு முழுசாகப் புரிந்தது! ஒரு சொல் விடாமல் புரிந்தது! அவள் ஜெனிட்டாவின் கையைக் கிள்ளினாள்.

அவர் பெயர் ஷம்ஸா. கணவர் கல்ஃபான். கல்ஃபானுக்கு முழங்கால் அறுவை முடிந்து பல மாதமாகிவிட்டது. இப்போது மருத்துவரைப் பார்க்க மறுபடி வந்திருக்கிறார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் புத்தக அரபியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள், ஜெபசிங் பதிவு செய்தான். எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தபோது குதிரை வந்தது.

சவாரிக் குதிரை அது. அதன் சொந்தக்காரர் சின்னராசு கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். கல்ஃபான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரையையே பார்த்தார். ஷம்ஸா கூடாது என்றார். கல்ஃபான் எழுந்தார். ஷம்ஸா அங்கியைப் பிடித்து இழுத்தார். அவர் குதிரையின் கழுத்தைத் தடவி, காதில் ஏதோ சொல்லி, ஒரு கணத்தில் அதன் முதுகில் இருந்தார்.

ஷம்ஸா ஜுவைரியாவின் பக்கம் திரும்பினார். மெதுவாக நடத்திக்கொண்டு போகச் சொல் என்றார்.

"அண்ணே, மெதுவா போவணுமாம். காலு ஆபரேசன் பண்ணது" என்றாள் ஜுவைரியா.

சின்னராசுக்கு ஏமாற்றம். "பெரியவர் உக்கார்ற தோரணையே வேற மாதிரி கீதும்மா. கொஞ்சம் வேகமா வுடலாமான்னு கேட்டுப் பாரேன்."

ஜுவைரியா மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் கடமையைச் செய்தாள். வேகம் என்பதற்கு அரபியில் 'ஸரீ'. ஷம்ஸாவைப் பார்த்துத் தெளிவாக, உரக்கக் கேட்டாள். "ஸரீ?"

"சரி!" என்றார் சின்னராசு. கயிற்றை விட்டுவிட்டு குதிரையின் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார்.

குதிரை பறந்தது. மணல் தெறித்தது. மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஷம்ஸா இரண்டு கையையும் தலையில் வைத்து அலறினார். ஜுவைரியா செருப்பை உதறிவிட்டு, "கிஃப்! கிஃப்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நில் என்பதற்கு அரபிச் சொல் அதுதான்.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த ஜெபசிங் கத்தினான். "குதிரைக்கு அரபி தெரியாது! தமிழ்ல சொல்லு!"

"அய்யோ, நில்லு! நில்லு குதிர! நில்லும்மா!"

குதிரை நிற்கவில்லை. தூரத்தில் வெள்ளை அங்கி காற்றில் உப்பி, பாறைகள் வரைக்கும் போய், அழகாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. ஜுவைரியாவின் நெஞ்சு கெட்டுப்போன மிக்சி மாதிரி அடித்துக்கொண்டது. ஒரு மனிதர் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் அவள் இனி எந்த மொழியிலும் வாயைத் திறக்க மாட்டாள். யா அல்லாஹ் என்றாள், அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.

கல்ஃபான் கடிவாளத்தை லேசாக இழுத்தார். குதிரை அவர்கள் முன்னால் வந்து நின்றது. தொப்பியைக் காணோம். முகம் முழுக்க உப்புத் தண்ணீர், வாய் முழுக்கச் சிரிப்பு. இறங்கி, அறுவை செய்த காலை மணலில் ஓங்கி ஒரு மிதி மிதித்துக் காட்டினார்.

ஷம்ஸா சிரிக்கவில்லை. ஜுவைரியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். ஜுவைரியா தனக்குத் தெரிந்த அரபியையெல்லாம் கூட்டி, தமிழில் 'சரி' என்றால் என்ன என்பதைச் சொல்லிப் பார்த்தாள். கண்ணீர் வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த கல்ஃபான் திடீரென்று வெடித்துச் சிரித்தார். அவர் சொன்னதை அவள் பிறகு நண்பர்களுக்குத் தமிழில் சொன்னாள். குழந்தையிலிருந்து குதிரையேறியவராம். அறுவைக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள், மருத்துவர் எல்லாரும் மெதுவாக, மெதுவாக என்று ஒரே சொல்லைத்தான் சொன்னார்களாம். இந்த ஊரில்தான் ஒருத்தர் அவரைக் கேட்காமலே சரி என்றாராம்.

ஷம்ஸா அவரை முறைத்தார். பிறகு பிடித்திருந்த மணிக்கட்டைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"நான் இன்னாத்த கண்டேன், அந்தப் பொண்ணு சரின்னுச்சு" என்று சின்னராசு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்தபோது அவர்கள் மணலிலேயே தொழுதார்கள். கல்ஃபான் முன்னால், மீன் வறுவல் கடையில் கேட்டு வாங்கிய நாற்காலியில், ஷம்ஸாவும் ஜுவைரியாவும் பின்னால். அவர்கள் கையைக் கட்டாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டுத் தொழுததை ஜுவைரியா ஓரக்கண்ணால் பார்த்தாள். நம் ஊரில் இப்படிச் செய்தால் எத்தனை பேர் திருத்த வருவார்கள் என்று நினைத்தாள். தன் கையைக் கட்டிக்கொண்டாள். பயணிகள் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம் என்பதால் அவர்கள் நான்கு ரக்அத்தில் இரண்டோடு முடித்தார்கள். அவள் எழுந்து மீதி இரண்டையும் தொழுதாள். காலடியில் மணல் ஈரமாக இருந்தது. ஜெனிட்டாவும் ஜெபசிங்கும் எல்லார் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, அலை வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மார்கரெட் மிஸ் பதிவை வகுப்பில் போட்டார். முதலில் கொஞ்ச நேரம் நல்ல அரபி. பிறகு அலறல், மூச்சிரைப்பு, "நில்லு குதிர". வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. பதிவின் கடைசியில் ஷம்ஸாவிடம் மன்னிப்புக் கேட்டு ஜுவைரியா அழுதுகொண்டே பேசியதையும் ஜெபசிங் எடுத்திருந்தான். அதை மிஸ் இரண்டு தரம் கேட்டார். "இலக்கணம் ஒரு இடத்துலகூடத் தப்பல" என்று சொல்லி, இருவருக்கும் முழு மார்க் போட்டார்.

ஷம்ஸா ஊருக்குப் போன பிறகும் காலையில் வாட்ஸப்பில் குரல் அனுப்புகிறார். வேகமாகப் பேசினால் ஜுவைரியாவுக்குப் பாதிதான் புரியும். மீதியை பஸ்ஸில் ஜெபசிங்கோடு சேர்ந்து போட்டுப் போட்டுக் கேட்பாள். ஷம்ஸாவோ இப்போது அவளிடம் தமிழ் கற்றுக்கொள்கிறார். நேற்று வந்தது மிகச் சின்னக் குரல், பின்னணியில் கல்ஃபான் ஏதோ திருத்திக்கொடுப்பது கேட்டது.

"ஜுவைரியா, நாஸ்தா துன்னியா?"

நின்றுகொண்டிருந்த பஸ் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "துன்னேம்மா! இட்லி!" என்று அவள் போனுக்குள் கத்தினாள்.