அஞ்சாங்கல்

எங்கள் எஸ்டேட்டில் இடத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. எல்லாம் கல்தான். ஃபேக்டரி கேட்டிலிருந்து மேலே ஏறும் பாதையோரம் என் அப்பன் பிறப்பதற்கு முன்பே நட்ட கற்கள் இருக்கின்றன. ஒண்ணாங்கல்லில் நாங்கள் குடியிருக்கும் லயன் வீடுகள், மூணாங்கல்லில் மாரியம்மன், அஞ்சாங்கல்லோடு தேயிலை முடிந்து சோலைக்காடு. "இன்னிக்கு எங்க வேலை?" என்றால் "ரெண்டாங்கல்லு" என்போம். வேறு பேச்சே இல்லை.

அதனால்தான் அம்சவேணி வந்து, "பத்து கிலோமீட்டருன்னா எதுவரைக்குமுங்ணா?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

"அஞ்சாங்கல்லத் தொட்டுட்டுத் திரும்பி வா அம்மிணி. போக அஞ்சு, வர அஞ்சு."

நான் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அவள் கொழுந்து பறிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடிக் கோப்பை வாங்கினவள், பத்தாவதோடு கூடை மாட்டிக்கொண்டாள். மே கடைசியில் கோயமுத்தூரில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஜீப் டிரைவர் பெனிஸ் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பெண்களுக்குப் பத்து கிலோமீட்டர். நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் வந்தால் அணியில் இடம். வயது இருபத்தைந்துக்குள். அம்சவேணிக்கு ஆடியில் இருபத்தைந்து முடிகிறது. இந்த வருஷம் விட்டால் கிடையாது.

பங்குனியிலிருந்தே மழை இல்லை. கொழுந்து இல்லாததால் அரை நாள் வேலைதான். காலையில் ஓடினால் வேலைக்குப் பேர் கொடுக்க முடியாது, சாயங்காலம் பாதையில் காட்டெருமை நிற்கும். ஆகவே உச்சி வெயிலில் ஒரு மணிக்குக் கிளம்புவாள். நான் எடைக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, அவள் வந்ததும் நிமிடக் கணக்கை விறகுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதுவேன். முதல் நாள் எழுதியது எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டு! வேண்டியது நாற்பத்தைந்து. வேறு யாராவது என்றால் அன்றைக்கே ஷூவைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கும் ஒரு மணிக்குத்தானுங்ணா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மலை வெயிலைக் கீழே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். காற்று குளிரும், தோல் எரியும். இருபத்திரண்டு வருஷமாக நெருப்புக்கு முன்னால் நிற்கிறேன். ஆனாலும் என் நெருப்புக்கு நான் முதுகைக் காட்டிவிட்டு வெளியே வந்து பீடி பிடிக்கலாம். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயில். உதடு வெடித்து, கழுத்து கறுத்து, குதிகால் தேய்ந்த ஷூவுக்குள் சாக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஓடினாள்.

"ஏ அம்சா, காட்டெருமை தொரத்துதா, பொண்ணு பாக்க வந்தவனுக தொரத்தறானுகளா?" என்று லயனில் இருந்து பொன்னாயி கத்துவாள்.

"கடிகாரம் தொரத்துதுங்க்கா!" என்பாள், நிற்காமல்.

எண்பத்தொன்று, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து. சுவரில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. மே நடுவில் எழுபத்திரண்டில் வந்து நின்றுவிட்டன. ஒரு வாரம் அசையவில்லை.

"இன்னிக்கு எழுவதுக்குள்ள வந்துட்டாப் போறேனுங்ணா" என்றாள் ஒரு நாள். "மேட்டுல எழுவதுன்னா சமதரையில அம்பது. மிச்ச அஞ்ச வெறியில ஓடிக்கறேன். வரலீன்னா இதோட சரி. கூடையே போதும்."

ஒரு மணிக்கு ஓடினாள். ஒன்றேகாலுக்குக் குந்தா பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது. இடியென்றால் இடி. ஃபேக்டரித் தகரத்தில் ஆலங்கட்டி விழுந்து, பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. மணி ஒன்றரை ஆனதும் என்னால் நிற்க முடியவில்லை. பெனிஸை இழுத்து ஜீப்பில் ஏற்றினேன்.

"ஏனுங்ணா, இந்த மழையில எட்டு கிலோமீட்டரு ஏறச் சொல்றீங்களே, கெழட்டு ஜீப்பு" என்று முனகினான்.

"எட்டு எங்கடா? அஞ்சுதான?"

"ஆரு சொன்னா? மீட்டரப் பாருங்ணா. கல்லு வெள்ளைக்காரன் நட்டது. அவனுக்கேது கிலோமீட்டரு? அத்தனையும் மைலு. போக எட்டு, வர எட்டு."

பத்து என்று சொல்லி அந்தப் பெண்ணைப் பதினாறு ஓட வைத்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, ரெண்டு மாசம்.

நாலாங்கல்லுக்குக் கிட்டே ஜீப் விளக்கில் அவள் தெரிந்தாள். மேலே ஒரு சவுக்கு மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்திருக்கிறது. அதைத் தாண்டி ஏறிக் குதித்ததில் முழங்காலில் ரத்தம், மழையோடு வழிந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

"ஏறு அம்மிணி!"

"மணி ஓடுதுங்ணா, வழி உடுங்க!"

எங்களை உரசிக்கொண்டு போய்விட்டாள். பெனிஸ் வண்டியைத் திருப்பி, விளக்கு போட்டபடி பின்னாலேயே ஓட்டினான். கத்திச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் நின்றுவிடுவாள். இடி, சேறு, காலில் உருளும் ஆலங்கட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே சீராகப் போகும் அந்தக் காலை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

எடைக்கூடத்துக் கடிகாரத்தில் ரெண்டு பதினொன்று. எழுபத்தொன்று. நான் சொல்லும் முன் அவளே பார்த்துவிட்டாள். ஈரத் தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

"போச்சுங்ணா. இதோட சரி."

"கண்ணு, தப்பு என்னுது" என்றேன். "அது கிலோமீட்டரு இல்ல. மைலாம். நீ ஓடுனது பதினாறு."

அவள் என்னைப் பார்த்தாள். பெனிஸைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்.

"பதினாறா?"

"பதினாறு."

"ரெண்டு மாசமா?"

கையிலிருந்த ஈர ஷூவை என் மேல் வீசினாள். நெஞ்சில் பட்டது, வலிக்கவும் செய்தது. அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ரெண்டு பேரும் நின்றோம். பிறகு கையை நீட்டினாள்.

"ஷூவைக் குடுங்ணா. பத்துன்னா எதுவரைக்கும்?"

"மூணாங்கல்லுக்கு மேல, மாரியம்மன் தாண்டி வர்ற வளைவு" என்றான் பெனிஸ்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

கோயமுத்தூருக்கு நாங்கள் ரெண்டு பேரும் லீவு போட்டுக்கொண்டு போனோம். மைதானத்தில் இருபத்தைந்து சுற்று. காலை எட்டு மணிக்கே அனல். பத்தாவது சுற்றில் ஒரு பெண் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள், பதினான்கில் இன்னும் ரெண்டு பேர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றார்கள். அம்சவேணி எதையும் பார்க்கவில்லை. அஞ்சாங்கல்லுக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டிருந்தாள். அவள் கோட்டைத் தாண்டியபோது பலகையில் நாற்பத்தொன்று என்று விழுந்தது. நான் அதை ரெண்டு தரம் படித்தேன்.

அவள் நிற்கவில்லை. அதே சீரில் வளைவில் திரும்பி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள். தொப்பி போட்ட ஒருவர் விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அம்மிணி, முடிஞ்சுது!"

வேலிக்குக் கிட்டே வந்து நின்றாள். மூச்சு வாங்கியபடி என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயுங்களா?" என்றாள்.