விளக்கறைப் பெண்ணுக்கு ஒரு வாழ்த்து

சுரங்கத்தில் இறங்குகிறவர், இறங்குகிறவரிடம் மட்டுமே 'நொரோக் புன்' என்று சொல்லலாம். மேலே நிற்பவர் அதைச் சொல்லவும் கூடாது, சொன்னால் இறங்குகிறவருக்குக் கேடு என்பது நம்பிக்கை. அவரிடம் அதைச் சொல்லவும் கூடாது. நல்லபடியாகப் போய் வா என்பதற்கு மேல் அந்த வாழ்த்துக்குப் பொருள் இல்லைதான். ஆனாலும் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஜியு பள்ளத்தாக்கில் வேண்டுமென்றே அந்த வழக்கத்தை மீறியவரை யாரும் கண்டதில்லை. சுரங்கத்தை மூடிய பிறகு இறங்குவதற்கு ஆளில்லாமல் போகவே, அந்தச் சொல்லும் ஊரில் கேட்காமல் போயிற்று.

வெதூரியா ஒரே ஒருமுறை தவறியிருக்கிறாள். தந்தையின் கால் நசுங்கியதால் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறை வேலைக்கு வந்த புதிது. ஆள் எண் பொறித்த பித்தளை வில்லையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, சுரங்கத் தொழிலாளி சகாரியாவிடம் விளக்கை நீட்டியவள், வாய்தவறி அதைச் சொல்லிவிட்டாள். வரிசை உறைந்தது. சகாரியா விளக்கைத் திருப்பி வைத்தான். வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அதன்பின் சுரங்கம் மூடும்வரை அவள் மௌனமாகவே விளக்கு கொடுத்தாள்.

இப்போதும் அந்த விடியல்கள் அவளுக்கு நினைவுக்கு வருவதுண்டு. ஈரக் கம்பளியின் வாசனை, வில்லைகளின் கிணுகிணுப்பு, தூக்கம் கலையாத முகங்கள். விளக்கறை ஜன்னலைத் தாண்டியதும் அந்த வாழ்த்து வாய்க்கு வாய் நகர்ந்து, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டின் கதவுவரை போய்த் தேய்ந்து மறையும். அத்தனையும் அவள் காதருகே நடந்தது, ஒன்றுகூட அவளுக்கானதல்ல.

வேலை போனபின், விட்ட இடத்துக்கே திரும்பினாள். அதே பள்ளி, அதே பச்சை வர்ணம் பூசிய சுவர், குளிர்காலத்தில் புகையும் அதே அடுப்பு. பின்பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தான் சகாரியா. பேருந்து ஓட்டும் வேலைக்கு அவனுக்கும் சான்றிதழ் வேண்டியிருந்தது. மாலை வகுப்பில் அவர்கள் படித்ததைவிடச் சுரங்கத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

"வெதூரியா, அந்தக் கணக்கு நோட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வையேன், கண்ணுக்கே தெரியல," என்பான்.

"இத்தனை வருஷம் விளக்கு குடுத்தேன். இப்ப கண்ணும் நானே குடுக்கணுமா?" என்பாள் அவள்.

ஜூன் மாதத்தில் இறுதி வாய்மொழித் தேர்வு வந்தது. தேறினால் மருத்துவமனையின் செவிலியர் பயிற்சியில் அவளுக்கு இடம் உண்டு. தவறினால் மறுமுறை கிடையாது. இந்தத் தேர்வோடு மாலை வகுப்பையே நிறுத்துகிறார்கள். தாழ்வாரத்தில் தேர்வுக்கு வந்த பழைய சுரங்கத் தொழிலாளிகள் சவரம் செய்த முகங்களோடு, கூண்டுக்குக் காத்திருப்பவர்களைப் போலவே சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள்.

அவள் பெயரை அழைத்தார்கள். கதவைத் திறந்தாள். நீள மேசை, அதன் பின்னால் மூன்று ஆசிரியர்கள், பச்சைத் துணியின்மேல் கவிழ்த்துப் பரப்பிய கேள்விச் சீட்டுகள். அவள் ஒரு நிமிடம் என்று கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்தாள்.

"என்னால ஆகாது, சகாரியா. நான் வீட்டுக்குப் போறேன்."

அவன் தொப்பியை விரல்களுக்கிடையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நானும் வீட்டுக்குத்தான் போனேன்," என்றான் பிறகு. "நீ சொன்னியே, அதுக்குப் பயந்துகிட்டு. கீழ ஒண்ணுமே ஆகல. எங்க ஆளுங்க ஏதோ பாட்டெல்லாம் பாடிகிட்டு மேல வந்தாங்களாம். நான் வீட்டுல போர்வையைப் போத்திகிட்டு, சாயங்காலம் சங்கு ஊதுற வரைக்கும் நடுங்கிகிட்டுக் கிடந்தேன். இத யாருகிட்டயும் சொன்னதில்ல."

வெதூரியா அவனைப் பார்த்தாள். கோபத்தில்தான் போனான் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள்.

உள்ளிருந்து மறுபடி அழைத்தார்கள். சகாரியா அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கூண்டின் முன் நிற்கும்போது நிமிர்வதுபோல நிமிர்ந்தான். தாழ்வாரத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்:

"நொரோக் புன், வெதூரியா."