மேல்நோக்கி விழுந்த பூனை

பெயிண்டர் காப்பாற்றிக்கொண்டு வந்த பூனைக்குட்டி மேல்நோக்கி விழுந்தது. கையை விட்டால் நேரே கூரைக்குப் போய், நாம் தரையில் நடப்பதுபோல் அங்கே நடக்கும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, தெருவே பார்த்தது. கட்டி முடியாத ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் அவர் சுவரில் பட்டி பூசி மழமழப்பாக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படிக்கு மேலே சத்தம் கேட்டது. சுண்டுவிரல் நீள வாலோடு ஒரு சாம்பல் நிறக் குட்டி சிமெண்ட் கூரையில் தலைகீழாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பு, அதற்கப்பால் வானம்தான். தாயும் மற்ற குட்டிகளும் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று பெயிண்டர் பிற்பாடு சொல்வார். ஏணியைச் சாத்தி ஏறி, பின்னங்காலைப் பிடித்து இழுத்து, கை முழுக்கக் கீறல் வாங்கி, காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதற்குள் விட்டார். கவிழ்த்த வாளியைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார். எதிரே வந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள், பூனை என்றார், சரி என்று போய்விட்டார்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் வழியில்லை. ஊரில் பாதி வீடுகளின் கூரைக்கு வெள்ளையடித்த மனிதருக்குச் சொந்தமாக உருப்படியான கூரை கிடையாது. மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழையும். சாக்கை அடைத்துப் பார்த்தார், காற்று பிடுங்கிப் போட்டது. கடைசியில் மனைவிதான் கட்டிலைச் சுற்றி நான்கு பக்கமும் போர்வையைக் கட்டி, குட்டியை அடியில் விட்டாள். அது கட்டிலின் அடிப்பலகையில் முதுகைக் கீழே காட்டி உலாவியது. பெயிண்டர் தரையில் மல்லாந்து படுத்து, புது இரண்டங்குல பிரஷ்ஷைப் பாலில் தோய்த்து மேலே நீட்டுவார், குட்டி நக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருடைய பாதங்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. “கட்டில்னா மேல படுக்கறதுக்குன்னு நான் இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேங்க” என்றாள் மனைவி. குட்டிக்குப் பல்லி என்று பேர் வைத்ததும் அவள்தான்.

ஆனால் கட்டிலுக்கடியில் ஒரு ஜீவன் எத்தனை நாள் இருக்கும்? குட்டி ராப்பகலாகக் கத்தியது. பெயிண்டர் வாளியும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் நடுவே திறந்தவெளி, இன்னொன்றில் கூரையெல்லாம் பூவேலை, அதில் நகம் படக் கூடாதாம். மூன்றாவது வீட்டுக்காரர், தலைக்கு மேல் ஒருத்தர் நடமாடினால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று கைகூப்பிவிட்டார். கடைசியில் தங்கையிடம் போனார். அவளுக்குக் குழந்தை குட்டி இல்லை, முன்னறையில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவள், கணவர் லாரி ஓட்டுகிறவர். பத்தடி உயரத்தில் நல்ல சிமெண்ட் கூரை. வாளியை நிமிர்த்தியதும் குட்டி ஜிவ்வென்று மேலே போனது. தங்கை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். அன்றைக்கே மின்விசிறியைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்து, வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு சந்தோஷமாகத் தைத்தாள்.

பெயிண்டருக்கு மனசு நிறைந்திருக்க வேண்டும். நிறையத்தான் செய்தது, பத்து நாளைக்கு. பதினோராம் நாள் போய்ப் பார்த்தபோது குட்டி கூரையில் இல்லை. தங்கையின் தையல் மேசைக்கு அடியில், பலகையில் கால் ஊன்றி, முதுகை அவள் மடியில் உரசிக்கொண்டு தூங்கியது. மேசையை ஒட்டியிருந்த அலமாரிச் சந்து வழியாகத் தானாகவே இறங்கி வந்ததாம். “கூப்பிடக்கூட இல்லண்ணா, அதுவா வந்துடுச்சு” என்று அவள் சிரித்தாள். அவர் குனிந்து கையை நீட்டியதும் குட்டி விழித்து, விறுவிறுவென்று கூரைக்குப் போய்விட்டது. அவர் ஏணி வைத்து ஏறினார். அது எதிர் மூலைக்கு நடந்தது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறினார். அது பழைய மூலைக்கே வந்தது. இப்படி ஒரு மத்தியானம் முழுக்க. பாருங்கள், தங்கைக்கு நல்ல வீடு வாய்த்தபோதும், கைநிறையத் தொழில் வந்தபோதும் அந்த மனிதர் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஒரு பூனை மடியில் படுத்ததும் நெஞ்சுக்குள் குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. கட்டிலுக்கடியில் வேறு வழியில்லாமல் அவரோடு கிடந்தது வேறு, தானாகத் தேடி வருவது வேறு. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்: ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது தானாக அவரிடம் வர வேண்டும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி வேறு யாருக்கும் தோன்றாது. கூரையில் ஈரம் பூத்திருக்கிறது, ஒரு கோட் எனாமல் அடித்துத் தருகிறேன், காய்கிறவரை வாடை பூனைக்கு ஆகாது, ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்றார். அண்ணன் தொழில் தெரிந்தவராயிற்றே, தங்கை தலையாட்டினாள். ஒரு வாரம் போர்வை கட்டிய கட்டிலுக்கடியில் அவர் ராஜா. பிறகு கொண்டுபோய் விட்டார், அது திரும்பிக்கூடப் பார்க்காமல் கூரைக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து, திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்று இரண்டாவது கோட். அப்புறம் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, போன தடவை டப்பாவிலேயே கோளாறு என்று ஒன்று. வருஷத்துக்கு ஆறு கோட். பெயிண்ட் என்றால் காய்ந்தபின் காகிதம் மாதிரி இருக்க வேண்டும். பெயிண்டர் பொறாமையோடு அடித்த பெயிண்ட் காயக் காயத் தடித்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் கூரை ஒரு விரற்கடை கீழே இறங்கியது. முதல் வருஷம் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வருஷம் பரண் காணாமல் போனது. ஒன்பதாம் வருஷம் ஆசாரி வந்து கதவின் தலையை அறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமும் வர வேண்டியிருக்குமா என்று கேட்டுப்போனார். பதினோராம் வருஷம் மாப்பிள்ளை குனிய ஆரம்பித்தார். ஆறடி ஆள், லாரியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து கூனினார். “மச்சான் கை ராசி, நல்லாத்தான் பிடிக்குது பெயிண்ட்” என்றார் அந்தப் புண்ணியவான்.

பன்னிரண்டாம் வருஷக் கடைசிக் கோட் காய்ந்து, பல்லியை வாளியில் கொண்டுவந்து விட்ட அன்று, பெயிண்டர் நிமிர்ந்து நின்றபோது அவருடைய தலைமயிர் கூரையைத் தொட்டது. ஏணிக்கு வேலையில்லை. கிழடு தட்டத் தொடங்கிய பூனை ஜன்னலோரம் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. எதையோ யோசித்தது. பிறகு அறையின் குறுக்கே நடந்து வந்து, அவருடைய நெற்றியில் தன் நெற்றியை வைத்து முட்டியது. இன்னொரு தடவை முட்டியது. அப்படியே அவர் தலைமேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு குறுகுறு என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்கி, பல்வரிசை வழியாக நெஞ்சுக்குப் போனது. பெயிண்டர் ஆடாமல் அசையாமல் நின்று அழுதார். கொண்டுவந்து வைத்த டீ ஆறியது, அவர் குனியவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்து அறை நடுவே தூண் மாதிரி நிற்பார், பல்லி வந்துவிடும். பெயிண்ட் அடிக்கும் பேச்சையே எடுக்கவில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு காலை தங்கையே வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவர் மாடிக்கு ஏறி வந்தாள். “ஒரு வாரம் உங்கிட்ட இருக்கட்டும்ணா” என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கிடைக்கிற பூனையை யாராவது கேள்வி கேட்பார்களா? எட்டாம் நாள் பூனையோடு அவள் வீட்டுக்குள் காலை வைத்தார், நெற்றி ணங்கென்று இடித்தது. தடவிப் பார்த்தார். கூரை இறங்கியிருந்தது. ஒரு விரற்கடை இல்லை, இரண்டு இல்லை. கையை விரித்து அளந்தார்: ஒரே கோட்டில் முழுசாக ஒரு சாண்! பிரஷ் போன போக்கெல்லாம் கோணல்மாணல், ஓரமெல்லாம் வழிந்து உறைந்த துளிகள். தொழில் தெரியாத கை. அறைக்கு நடுவில், சரியாகத் தன் உச்சந்தலை கூரையைத் தொட, தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் குள்ளம்.

“நீ எதுக்கு அடிச்சேன்னு முதல் கோட்லயே எனக்குத் தெரியும்ணா” என்றாள். “பரவால்ல, அண்ணன்தானேன்னு விட்டேன். இப்போ ஆறு மாசமா அது என் மடிக்கு வர்றதே இல்ல. உன் தலைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. நீ வர்ற நேரம் ஆனா வாசல் பக்கம் போய் உக்காந்துக்குது. எனக்கு வயிறு எரியுதுண்ணா.” சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள், கையில் காய்ந்திருந்த பெயிண்ட் பொருக்கு மூக்கில் ஒட்டியது.

பெயிண்டர் குனிந்த வாக்கில் நின்று கூரையைத் தடவிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருஷம் வெந்து வெந்து அவர் இறக்கியது கோட்டுக்கு ஒரு விரற்கடை. இவளுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. ஆறே மாதத்தில் ஒரு சாண். அவருக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது தொழில்காரனுக்கு வருகிற பொறாமை. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, தங்கை மேல் ஒரு பெரிய பாசம் வந்தது. தன்னை மாதிரியே எரிகிற இன்னொரு ஆள் ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. வாளியை நிமிர்த்தினார். பல்லி வெளியே வந்து, இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்து, பக்கத்திலிருந்த அவளிடம் போனது.

“நீ உக்காந்துதானே தைக்கிறே?” என்று கேட்டார் பெயிண்டர்.

“ஆமா.”

“அப்ப இந்த உயரம் பத்தாது. நான் கலக்கித் தர்றேன், நீ அடி.”

அன்றைக்கே கலக்கினார். பெயிண்டை இளக்கும் தின்னரை அளவாக ஊற்றி, கட்டி இல்லாமல் கிளறி, தன் நல்ல பிரஷ்ஷையே கொடுத்தார். அவள் அடித்த இரண்டு கோட்டில் கூரை உட்கார்ந்த உயரத்துக்கு வந்து நின்றது, அதற்குமேல் இறங்கவில்லை. இப்போது அந்த வீட்டில் எல்லோரும் தவழ்ந்துதான் போய்வருகிறார்கள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பையும் கைப்பையையும் விட்டுவிட்டு முழங்காலில் உள்ளே வருகிறார்கள். வீடுகளைக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகூட அப்படித்தான் வந்து, கூரை தாழ்வானது என்று எழுதிக்கொண்டு, தலையில் ஒட்டிய பூனைமயிரைத் தட்டிக்கொண்டு போனார். சாயங்காலமானால் பெயிண்டர், அவர் மனைவி, தங்கை, மாப்பிள்ளை நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பல்லி நான்கு தலைகளையும் ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு போகும். யார் தலையில் அதிக நேரம் நிற்கிறது என்று நான்கு பேரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.