வயிற்றை வழியனுப்பும் விருந்து

முகத்தில் பாதி நுரையோடு, ஓய்வுபெற்ற தபால்காரர் ஸப்ரி தூங்கிப்போயிருந்தார். அவருடைய தலை நாற்காலியில் இல்லை, நஹாரின் வயிற்றில் இருந்தது. கரக் ஊரின் கீழ்க்கடைத் தெருவில் இருக்கும் அந்த முடிதிருத்தும் கடையில் இது வழக்கம்தான். நூற்று ஐம்பத்தெட்டு கிலோ எடையுள்ள நஹார் பின்னால் வந்து நின்றாலே அவன் வயிறு வெதுவெதுப்பாக வாடிக்கையாளரின் தலையைத் தாங்கிக்கொள்ளும். மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கும்போது, கரையில் கட்டிய படகில் படுத்திருப்பதுபோல் இருக்கும் என்பார்கள். நஹாரும் கத்தி வைக்கும்போது மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வான். தூங்குகிறவரை எழுப்ப அவனுக்கு மனம் வராது.

ஸப்ரி தானாகவே விழித்தார். கண்ணாடியில் நஹாரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம இத வெட்டி எறிஞ்சுட்டாங்கன்னா நாங்கள்லாம் எங்கடா தூங்குறது?"

"தலகாணி வாங்கிப் போடுறேன் மாமா."

"தலகாணி இப்படிக் கதகதன்னு இருக்குமா? போடா."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நஹாரும் சிரித்தான். வயிறு குலுங்க, அதன்மேல் ஸப்ரியின் தலையும் சேர்ந்து குலுங்கியது. ஊரே தன் உடம்பின்மேல் பிரியமாக இருந்தது. அது இளைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் தான் ஒருவன் மட்டும்தானோ என்று சில சமயம் அவனுக்குத் தோன்றும்.

தலைநகர் அம்மானில் இருந்த பெண் மருத்துவர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தார். இரைப்பையில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவதில் இரண்டு காப்பிக் கோப்பை அளவுதான் பிடிக்கும். கைப்பிடி இல்லாத, மூன்று மிடறில் தீர்ந்துபோகிற அந்தச் சின்னக் கோப்பை. சோறும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகக் கூடாது. இனிப்பு போனால் உடம்பு நடுங்கி வேர்க்கும். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். "அறுவை ஒரு மணி நேரம்தான்," என்றார் அவர். "மிச்சம் இருக்கிற வாழ்க்கைதான் வைத்தியம். அதுக்கு ஒத்துக்கிட்டா மட்டும் கையெழுத்துப் போடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருந்தது. அறுவைக்கு முந்தைய பதினைந்து நாளும் பால், மோர், தெளிந்த சூப் தவிர வேறெதுவும் கூடாது. கொழுப்பேறி வீங்கிய ஈரல் வற்றினால்தான் கருவி உள்ளே நுழைய இடம் கிடைக்கும். போன வசந்தத்தில் இதேபோல் நாள் குறித்து, ஒன்பதாம் நாள் ஒரு உறவுக்காரரின் நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு வாய் குனாஃபா இனிப்பு சாப்பிட்டான். ஒரு வாய்தான். அதற்குப் பிறகு எத்தனை வாய் என்பது அவனுக்கு நினைவில்லை. அன்றிலிருந்து நோன்பும் போயிற்று. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர் திருப்பி அனுப்பினார். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா வேற டாக்டரைப் பாத்துக்குங்க," என்று கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்குத் திரும்பிய நஹார், ஆஸ்பத்திரியில் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். அந்தப் பொய்யால்தான் பதினைந்து நாள் கதை வீட்டில் யாருக்கும் தெரியாமலே போனது. இந்த முறை அக்கா ஹம்தாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்றான்.

ஹம்தாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை. உம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து. அன்றிலிருந்து அவள் ஆக்கிப்போட்டுத்தான் அவன் வளர்ந்தான். இப்போதும் அவள் வீட்டு மாடியறையில்தான் இருந்தான்.

"அல்லா குடுத்த வயித்த அறுத்துப் போடுவாளாமா அந்த டாக்டரம்மா?" என்று அவள் கத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "அப்புறம் நான் யாருக்குடா ஆக்கிப்போடுறது?"

அதன்பின் பத்து நாளாக அவள் அவனோடு பேசவில்லை. காலையில் மோர்ச்செம்பு மட்டும் மாடிப்படியில் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அவள் கணவன் ஃபவாஸ் ஆடு வெட்டினான். பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து வந்தவன். குரலும் பெரிது, மனசும் பெரிது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மச்சானால் சாப்பிடவே முடியாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் தவித்துப்போய், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் சொந்தக்காரர்களைக் கூட்டிவிட்டான். வயிற்றை வழியனுப்பும் விருந்து என்று அதற்கு அவனே பெயரும் வைத்திருந்தான்.

மாடியிலிருந்து நஹார் இறங்கி வந்தபோது கூடத்தின் நடுவில் தாம்பாளம் தயாராக இருந்தது. மெல்லிய ரொட்டி விரிப்பின்மேல் சோற்றுக் குன்று, அதன்மேல் புளித்த தயிர்க் குழம்பில் வெந்த ஆட்டுக்கறி, உச்சியில் அவன் பக்கம் முகம் திருப்பிய ஆட்டுத்தலை. பதினான்கு ஆண்கள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். விருந்தாளி கை வைக்காமல் மற்றவர்கள் தொடக் கூடாது. நெய்யும் வறுத்த பாதாமும் சேர்ந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. பதின்மூன்று நாளாக மோரை மட்டுமே பார்த்திருந்த வயிறு, பேர் சொல்லிக் கூப்பிடப்பட்ட குழந்தைபோல் திரும்பிப் பார்த்தது.

"நீங்கள்லாம் சாப்பிடுங்க மச்சான். எனக்கு இன்னைக்கு வேணாம்."

"வெக்கத்தப் பாரு! கை வைடா."

"நெஜமாத்தான் சொல்றேன். முடியாது." பதினைந்து நாள் கதையைச் சொன்னால் மெஷின் பொய்யும் வெளியே வந்துவிடும்.

அந்த ஊரில் விருந்தாளி மூன்று முறை வேண்டாம் என்பது மரியாதை, அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாததும் மரியாதை. ஃபவாஸ் ஆட்டின் கன்னத்துச் சதையைப் பிய்த்து அவன் முன்னால் வைத்தான். மூன்றாவது முறை நஹார் தலையை ஆட்டியபோது ஃபவாஸின் முகம் மாறியது. கோபத்தால் அல்ல. அந்தப் பெரிய மீசைக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன.

"நாளன்னைக்கு அப்புறம் என் வீட்டுச் சோத்த நீ எப்படா தின்னப்போற?" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் பக்கம் ரொட்டி தெரியிற வரைக்கும் நீ தின்னாம இங்கேருந்து போனா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

கூடம் அப்படியே நின்றுபோனது. விருந்தாளியைச் சாப்பிட வைக்க ஆண்கள் இப்படிச் சத்தியம் செய்வது புதிதில்லை. ஆனால் ஃபவாஸ் ஏற்கெனவே இரண்டு முறை செய்து, இரண்டு முறையும் விருந்தாளிகள் எழுந்துபோய், இரண்டு முறையும் மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தி காப்பாற்றிவிட்டிருந்தார். அடுத்த தடவை என் வாசலுக்கு வராதே என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். இதை மூன்றாவது தலாக் என்று எண்ணிவிட்டால் திரும்பி வர வழியில்லை. தான் சொன்னது என்ன என்பது ஃபவாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

நஹார் தாம்பாளத்தைப் பார்த்தான். தன் பக்கத்தில் ரொட்டி தெரியும்வரை என்றால் ஐந்து பேர் சாப்பாடு. அவனால் முடியும், அதுதான் கொடுமை. ஈரல் வீங்கும், மருத்துவர் படத்தைப் பார்ப்பார், கோபமில்லாமல் கதவைக் காட்டுவார். அக்காவின் வீடு நிலைக்கும். நாற்பது வயதுக்குள் செத்துப்போவதற்கு இது ஒன்றும் மோசமான காரணம் இல்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் கை தானாகச் சோற்றில் இறங்கியது. சூட்டோடு உருட்டி, நெய் வழியும் கவளத்தைத் தூக்கினான்.

"கீழ வைடா."

சமையலறைத் திரைக்கு வெளியே ஹம்தா நின்றிருந்தாள். பதினான்கு ஆண்கள் நின்ற கூடத்தில், முழங்கைவரை மாவோடு. பத்து நாள் கழித்து அவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

"அக்கா, ஒன் வாழ்க்க..."

"என் வாழ்க்கைய நான் பாத்துக்குறேன். நீ கீழ வை."

"ஹம்தா..." என்றான் ஃபவாஸ்.

"நீங்க பேசாதீங்க. இன்னைக்குப் பேசுனது போதும்." அவள் தம்பியைப் பார்த்தாள். "மத்தியானம் கடைய மூடிட்டு வந்து தூங்குறல்ல, அப்ப உன் மூச்சு நின்னு நின்னு வருதுடா. நான் மாடிப்படில உக்காந்து எண்ணிக்கிட்டிருக்கேன். பத்து எண்ணுறேன், பதினஞ்சு எண்ணுறேன், மூச்சு வரல. பேசாம இருந்தேனே, கோவத்துலன்னா நெனச்சே?"

நஹார் கவளத்தைத் தாம்பாளத்தில் வைத்தான். விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை நக்கவில்லை. துணியில் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். வாசற்படியைத் தாண்டியபோது உள்ளே யாரோ 'யா அல்லா' என்றார்கள்.

தலாக் ஆகிவிட்டதா இல்லையா என்று தெரியும்வரை ஃபவாஸ் தன் வீட்டுக்குள் போக முடியாது. மாலைத் தொழுகைவரை அவன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்திருந்தான். பிறகு அதே வண்டியில் மூவரும் முஃப்தி வீட்டுக்குப் போனார்கள், ஃபவாஸ் ஓட்ட, நஹார் நடுவில், ஹம்தா ஜன்னலோரம். நஹார் நடுவில் உட்கார்ந்தால் மற்ற இருவரும் கதவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கோட்டை வளைவு தாண்டியதும் ஹம்தா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரெண்டு கோப்பைன்னு அந்த டாக்டரம்மா சொன்னாளே, தண்ணியும் சேத்தா?"

"தண்ணி தனி. சாப்பிட்டு அரைமணி கழிச்சு."

"எத்தன நாளைக்கு?"

"சாகுற வரைக்கும்."

"சின்னச் சட்டி ஒண்ணு வாங்கணும்," என்றாள் அவள். "என்கிட்ட இருக்குறதெல்லாம் பட்டாளத்துச் சட்டி." ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஃபவாஸ் மூக்கை உறிஞ்சினான்.

முஃப்தியும் நஹாரிடம் தாடி திருத்திக்கொள்கிறவர்தான். ஃபவாஸைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டிய விடணும்னு நெனச்சா சொன்னே?"

"இல்ல ஹஸ்ரத். இவன் சாப்பிடணும்னு."

"இவன் சாப்பிடுறதுக்கும் அந்தம்மாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அவ இல்லாம எனக்குத் தண்ணி ஊத்திக் குடிக்கத் தெரியாது ஹஸ்ரத்," என்றான் ஃபவாஸ்.

அது கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் முஃப்திக்குப் போதுமானதாக இருந்தது. இது தலாக் இல்லை, உடைந்த சத்தியம் என்றார். பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். "இனிமே விருந்துன்னா வாயில ஒரு ரொட்டித் துண்ட வச்சு அடைச்சுக்க," என்று அனுப்பிவைத்தார்.

வெளியே வந்ததும் ஹம்தா சொன்னாள்: "ஆக்குறது நான். பரிமாறுறது என் தம்பி."

சனிக்கிழமை மத்தியானம், ரவுண்டானாவில் வேலைக்காகக் காத்திருந்த எகிப்துக் கூலிக்காரர்கள் பத்துப் பேரை ஃபவாஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆடு தீர்ந்துவிட்டதால் கோழி. நேற்று பதினான்கு பேர் நின்ற இடத்தில், சிமெண்ட் படிந்த பாதங்களோடு பத்துப் பேர் தாம்பாளத்தைச் சுற்றி நின்றார்கள். நஹார் தயிர்க் குழம்பு நிறைந்த மூக்குச் செம்போடு அவர்களுக்குப் பின்னால் சுற்றிவந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் சோறு நனைய ஊற்றினான். இத்தனை வருடத்தில் தாம்பாளத்தை இந்தப் பக்கத்திலிருந்து அவன் பார்த்ததே இல்லை. மெல்லும்போது மனிதர்களின் காதுகள் அசைவதைக் கண்டான். பசித்தவனின் கழுத்து நரம்பு மெல்ல மெல்லத் தளர்வதைக் கண்டான். தனக்குப் பசிக்கிறதா என்று உள்ளே கேட்டுப் பார்த்தான். பசித்தது. அந்தப் பசியோடேயே அடுத்தவரிடம் நகர்ந்தான்.

மூலையில் நின்ற ஒல்லியான ஆள் செம்பின்மேல் கையைக் குறுக்கே நீட்டினார்.

"போதும் அண்ணே."

நஹாரின் நாக்கில் அந்தச் சொற்கள் வந்துவிட்டன. அல்லாமேல ஆணையா, இன்னும் கொஞ்சம். பிறந்ததிலிருந்து அவன் இருந்த வீடுகளில் போதும் என்று யார் சொன்னாலும் அடுத்து வருவது அதுதான். வாசலில் நின்ற ஃபவாஸும் கையைத் தூக்கி வாயைத் திறந்துவிட்டான். உள்ளேயிருந்து ஹம்தா ஒரு இருமல் இருமினாள். அவன் தூக்கிய கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டான்.

"நெஜமாவே போதுமா?" என்று கேட்டான் நஹார்.

அந்த ஆள் திரும்பி அவனை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை எந்த விருந்திலும் கேட்டதில்லை போலிருந்தது. வயிற்றில் கைவைத்து, உண்மையாகவே யோசித்தார்.

"போதும்," என்றார்.

நஹார் செம்பை நிமிர்த்தினான். அதன் மூக்கில் திரண்டு தொங்கிய வெண்ணிறத் துளி விழுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, செம்புக்குள்ளேயே திரும்பி வழிந்தது.