ஆறு வருஷம் காயாத சுவர்

1991 தையில் பால் காய்ச்சிக் குடிபோன கோமதிசங்கர் வீட்டுச் சுவர்கள் ஆறு வருஷமாகியும் காயவில்லை. பாளையங்கோட்டை மகாராஜநகரில் அந்த வரிசை வீடுகளெல்லாம் ஒரே ஆற்று மணலில் கட்டியவைதான். இவர்களுக்கு மட்டும் சிமெண்டு தாணுமாலையன் கடையில் வாங்கியது. ஆணி அடிக்கச் சுத்தியல் வேண்டாம், கட்டைவிரல் போதும். மாட்டிய ஆணி மறுநாள் அடுத்த அறையில் விழுந்து கிடக்கும். வந்தவர்கள் சாய்ந்தால் முதுகு அப்படியே பதியும், ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். பால்காரரும் தபால்காரரும்கூட இதற்குப் பழகிவிட்டார்கள். தாணுமாலையன் வந்து பார்த்தார். "வீடு குளிர்ச்சியா இருந்தா நல்லதுதானம்மா" என்று சொல்லி, காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

கோமதிசங்கருக்கு இளைப்பு. ஈரம் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். கூட்டுறவுப் பண்டகசாலைச் சம்பளத்தில் வீட்டுக்கடனைக் கட்டி, வேறு வீட்டுக்கு வாடகையும் கொடுக்க எங்கே போவது? படுத்தால் மூச்சு முட்டுமென்று முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். நுகர்வோர் வழக்குக்கு வக்கீல் வேண்டாமென்று பேப்பரில் படித்த அவர் மனைவி ராஜராஜேஸ்வரி, வெள்ளைத்தாளில் கார்பன் வைத்து மனு எழுதினாள். 'மேற்படி வீட்டை முழுவதும் இடித்துவிட்டு, எதிர்தரப்பார் செலவில் புதிதாகக் கட்டித்தர வேண்டும்.' வாசித்துக் காட்டியபோது அவர், "ஏட்டி, நல்லா அழுத்தித்தான் எழுதியிருக்க" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிறகு வாய்தாதான். தாணுமாலையனுக்கு இரண்டு வக்கீல்கள். குற்றம் மணலில் இருக்கிறது என்று சொல்லித் தாமிரபரணியையும் எதிர்தரப்பில் சேர்த்தார்கள். நதிக்கு அனுப்பிய நோட்டீஸ் குறுக்குத்துறைப் படித்துறையிலிருந்து 'வாங்க மறுத்துவிட்டார்' என்று திரும்பி வந்தது. அந்தக் கூத்தில் ஒன்றரை வருஷம் போயிற்று. வாய்தாவுக்கு வாய்தா ராஜராஜேஸ்வரி சுவரில் ஒரு கை வழித்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய் கோர்ட்டு மேஜைமேல் வைத்தாள். இது அந்த வீட்டுச் சுவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீல் கேட்டார். "நீங்களே வந்து சாஞ்சு பாருங்க, தெரியும்லா" என்றாள். ஒருவரும் வரவில்லை.

95 ஐப்பசி அடைமழையில் கோமதிசங்கர் சாய்ந்த வாக்கிலேயே இறந்துபோனார். துட்டிக்கு வந்தவர்களும் சுவர்களில் சாய்ந்தார்கள். அவர்கள் முதுகெல்லாம் பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் மூடிக்கொண்டன, இவருடையது மூடவில்லை. பிடரி, தோள்பட்டை, சட்டைக் காலரின் மடிப்புகூட அப்படியே நின்றது. அவள் அதன் எதிரே உட்கார்ந்து தாணுமாலையனை ஏசுவாள், வாய்தாவை ஏசுவாள், வேறு வீடு பார்க்காத தன்னையும் ஏசிக்கொள்வாள். சுவரைத் தொடமட்டும் மாட்டாள், தொட்டால் அழிந்துவிடுமோ என்று பயம்.

97 தையில் தீர்ப்பு வந்தது. அவள் கேட்டதை ஒரு சொல் குறையாமல் கொடுத்திருந்தார்கள். முன்னறைச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவள் கோர்ட்டுக்கு ஓடினாள். "நீங்க கேட்டதத்தானம்மா குடுத்திருக்கு" என்றார் எழுத்தர். மறுவாரம் மேஸ்திரி சுடலைக்கண்ணு கடப்பாரையும் ஆட்களுமாக வந்து நின்றான்.

"இந்த ஒரு செவர மட்டும் விட்ருங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உத்தரவு மொத்த வீட்டுக்கும்லா இருக்கு. பைய ஒதுங்குங்கம்மா."

முதல் குத்திலேயே கடப்பாரை வளைந்தது. அடுத்த அறையிலும் வளைந்தது, அடுப்படியிலும் வளைந்தது. முந்தின நாள்வரை மாவாக இருந்த வீடு முழுக்கக் கருங்கல்லாக இறுகியிருந்தது.

தாணுமாலையனுக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வீட்டில் ஒரு குறையும் இல்லையென்று ஓர் இஞ்சினியரிடம் வாங்கிய சான்றிதழோடு மேல்முறையீட்டுக்குப் போனார். ராஜராஜேஸ்வரி தனியாக ரயிலேறி மெட்ராஸ் போய் நின்றாள். "பொய் வழக்கு இல்லய்யா, அந்த ஈரத்துலதான் எங்க வீட்டுக்காரவுக போய்ச்சேந்தாவ" என்றாள். அது மனுவில் இல்லை என்றார்கள். தீர்ப்பு ரத்தாயிற்று. ஒரு வக்கீல் வைத்திருக்கலாம் என்று அங்கே ஒரு வக்கீலே அவளிடம் அனுதாபப்பட்டார்.

அதன்பிறகு அப்படியொரு வீடு கட்டவேண்டுமென்று ஜனங்கள் தாணுமாலையன் கடையில் சிமெண்டு கேட்டு நின்றார்கள். வரிக்கு அளக்க வந்தவர்கள் உறுதியான கட்டடம் என்று எழுதி வீட்டுவரியை ஏற்றினார்கள். இனி அழியாது என்று தெரிந்த ஒரு மத்தியானம், அவள் முதல்முதலாக அந்தப் பள்ளத்தில் முதுகை வைத்துச் சாய்ந்தாள். சுவர் சுத்தமாகக் காய்ந்திருந்தது. அவர் அகலமான ஆள். இரண்டு தோளுக்கும் பக்கத்தில் அவளுக்கு இடம் மிச்சமிருந்தது.