ஆண்டு முடியுமுன் ஒரு பறப்பு

ஏப்ரல் முப்பதோடு அந்த இலவச விமானப் பாஸ் செல்லாது. யூஜினியின் கணவர் மரியரட்ணம் இறந்தது நவம்பரில். ஆண்டு நினைவுப் பூசை முடியும்வரை செத்தவீட்டுக்காரர் உல்லாசப் பயணம் போவதில்லை. ஆனால் அவர் வேலைசெய்த விமானக் கம்பனி அதுவரை இருக்கப்போவதில்லை.

இருபத்திரண்டு வருடம் அவர் அங்கே பைகள் ஏற்றினார். ஒரு விடுமுறைக் கம்பனி தன் பயணிகளைக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோக, வாடகைக்கு எடுத்த இரண்டு பழைய விமானங்களோடு அதைத் தொடங்கியது. மாரிக் குளிரில் ஐரோப்பாவிலிருந்து விமானிகளோடு சேர்த்து விமானம் இரவல் வரும். கோடையில் திரும்பிப் போகும். பிறகு சொந்தமாக ஒன்பது. பெருந்தொற்றில் எல்லாம் தரையில் நின்றன. கடைசியில் பெரிய கம்பனியொன்று வாங்கியது. இப்போது பெயரையும் அழிக்கிறது. இதையெல்லாம் தன் குடும்பக் கதைபோலச் சொல்வார். ஏறித்தான் பார்க்கவில்லை. ஊழியருக்கு மிஞ்சுகிற இருக்கைதான். மாரியில் ஒன்றும் மிஞ்சாது. "பென்சன் எடுத்திட்டு ரெண்டுபேரும் போவம்" என்பார்.

அவர் பாரம் ஏற்றிய விமானத்தில் ஒருதடவை இருக்கவேண்டும். யூஜினிக்கு அவ்வளவுதான். விமான நிலையத்துக்கு இரண்டு தடவை வந்து, இடமில்லாமல் மல்வேர்ன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். தெற்கே போக இன்றுதான் கடைசி விமானம். திரும்பிவர வேறு கம்பனியில் டிக்கெட் எடுத்தாயிற்று.

காரோட்டிவந்த மரியரட்ணத்தின் தங்கை எமில்டா வழியெல்லாம் ஓயவில்லை.

"ஆறு மாதம் ஆகேல்லை. அண்ணை செத்த வீட்டிலயிருந்து கியூபாவுக்கோ? கோயிலில கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அவற்ர வேலையிடத்துக்குப் போயிட்டாள் எண்டு சொல்லுங்கோ, மச்சாள்."

"நல்ல வேலையிடம்! வைக்கோல் தொப்பியும் போடுவியோ?"

விமான வாசலில் வேலைக்கு நின்ற துவாரகா, மரியரட்ணத்தை அறிந்த பிள்ளை. கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எதிர்க்காத்து, அன்ரி. எண்ணெய் கூடப் போடினம். பாரம் பாத்துத்தான் ஆக்களை விடுவினம்."

பாரம் கூடினால் முதலில் விட்டுவிட்டுப் போவது பாஸ்காரரைத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். யூஜினி உட்கார்ந்தாள். பயணிகள் சிரித்துக்கொண்டு உள்ளே போய் முடிந்தார்கள். கால் உளைந்தது. மறுபடி எமில்டாவின் காரில் ஏறுவதை நினைக்கவே களைப்பாயிருந்தது.

"மரியரட்ணம், யூஜினி!"

பெயர் கூப்பிட்ட துவாரகா இருக்கைத் துண்டை நீட்டினாள். "ஒராள் வரேல்லை. கடைசி வரிசை, டொய்லெட்டுக்குப் பக்கத்தில. கெதியாப் போங்கோ, அன்ரி."

இருக்கையில் இருந்துகொண்டு எமில்டாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஏத்திப்போட்டினம், மச்சாள்."



"கறுப்புத்தானே போட்டிருக்கிறாய்?"

"ஓம்."

"அங்கையும் அதோட இரு. கடலுக்கை இறங்கிப்போடாதை, சொல்லிப்போட்டன்."

"கால் மட்டும் நனைப்பன்" என்று சொல்லி, யூஜினி போனை நிறுத்தினாள்.